வரலாற்றுக் கதையில் இழிசொல்லும் விலக்கப்பட்ட செய்தியும்: புதிதாக எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

வரலாற்றுப் பின்னணியில் தமிழில் கதை எழுதத் தொடங்குகிறவர்கள் சில பக்கங்களுக்குள்ளாகவே ஓர் இக்கட்டில் வந்து நிற்பார்கள். 1940களின் தஞ்சாவூர்ப் பண்ணை ஒன்றைக் களமாகக் கொண்டு எழுதுகிறவர், மிராசுதார் தம் பண்ணையாளை எப்படி அழைத்தார், என்ன சொல்லித் திட்டினார், எப்படித் தண்டித்தார் என்பதை எழுதியாக வேண்டும். அந்தச் சொல்லை அப்படியே எழுதினால், அதைக் கேட்டே வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அதைப் படிப்பார்கள். எழுதாமல் விட்டால், அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று சாதிப்பவர்களுக்கு அந்தக் கதை துணைபோகும்.

இந்த இக்கட்டிலிருந்து வெளியேறும் வழி துணிச்சலிலும் இல்லை, தயக்கத்திலும் இல்லை. துல்லியத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. யார், யாரைப் பார்த்து, எந்த ஆண்டில், எந்த இடத்தில் நின்று அப்படிச் சொன்னார் என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தால் வாசகர் சொன்னவரைக் குற்றம் சாட்டுவார். அது மங்கலாக இருந்தால் எழுதியவரைக் குற்றம் சாட்டுவார். பெரும்பாலும் அதில் நியாயமும் இருக்கும். அந்தத் துல்லியத்தை எப்படி அடைவது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். காவிரி டெல்டாவின் பண்ணையாள் வாழ்க்கையையே பெரிதும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இழிசொற்களை இங்கே எடுத்து எழுதவில்லை. விளக்கத்துக்கு அவை தேவைப்படவில்லை.

முதல் படி: ஆண்டையும் ஊரையும் முடிவுசெய்யுங்கள்

"அந்தக் காலத்தில்" என்று தொடங்கும் கதை எந்தக் காலத்தையும் சேர்ந்ததாக இருக்காது. சாதியை ஒட்டிய வழக்கங்கள் ஊருக்கு ஊரும் பத்தாண்டுக்குப் பத்தாண்டும் மாறியிருக்கின்றன. ஆகவே எழுத உட்காரும் முன், உங்கள் கதை எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிகிறது, எந்த வட்டத்தில் நடக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கருகில் அந்தக் காலத்துச் சட்டங்களையும் இயக்கங்களையும் ஆண்டு வாரியாகக் குறித்துவையுங்கள். இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு நீக்கப்பட்டது 1843இல். திருவிதாங்கூரில் அது முழுமையாக ஒழிக்கப்பட்டது 1855இல். சுயமரியாதை இயக்கம் தோன்றியது 1925இல். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது 1936 நவம்பரில். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலையில். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950இல். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எழுதினால், பல பிழைகள் தாமாகவே அகப்படும். இரட்டைக் குவளை முறையைத் தீண்டாமையின் அடையாளமாக எல்லோரும் அறிவோம். ஆனால் 1870இல் நடக்கும் கதையில் அது வரும்போது, அந்தக் காலத்துச் சிற்றூரில் தேநீர்க் கடை ஏது என்று விவரமறிந்த வாசகர் கேட்பார். அந்த ஒரு பிழைக்குப் பிறகு, நீங்கள் எழுதிய உண்மையான கொடுமைகளையும் அவர் நம்பமாட்டார். புண்படுத்தக்கூடிய செய்தியில் நேரும் காலப் பிழைக்கு, மற்ற காலப் பிழைகளைவிட விலை அதிகம்.

இரண்டாம் படி: ஒரே மனிதருக்கு எத்தனை பெயர் என்று கணக்கெடுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவசரமாகக் கடந்துபோகும் படி இது. 1944இல் மன்னார்குடிப் பக்கத்துப் பண்ணையாள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மிராசுதார் அவரைச் சாதிப் பெயரோடு வசவைச் சேர்த்து அழைப்பார். கதர் உடுத்திய காங்கிரஸ் தொண்டர் 'ஹரிஜன்' என்பார். காந்தியால் அந்தச் சொல் 1930களில் பரவியிருந்தது. அரசு அலுவலகத்தின் தாளில் அவர் 'ஆதிதிராவிடர்' என்று இருக்கக்கூடும். சென்னை மாகாண அரசு அந்தப் பெயரை 1922இலேயே ஏற்றிருந்தது. சுயமரியாதை இயக்கத்தவரும் ஏறக்குறைய அப்படியே சொல்வார். பி. சீனிவாசராவ் தலைமையில் அங்கே விவசாயிகள் சங்கம் கட்டிய செங்கொடிக்காரர்கள் அவரைத் 'தோழர்' என்பார்கள். அவருடைய சொந்தத் தெருவில் அவருக்கு முறைப்பெயரும் பட்டப்பெயரும் இருக்கும். 'தலித்' என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1990களில்தான் அந்தச் சொல் தமிழில் பரவலாயிற்று. நல்லெண்ணத்தோடு அதை 1944ஆம் ஆண்டுப் பாத்திரத்தின் வாயில் வைத்தாலும் அது பொய்தான்.

இந்தப் பெயர்களை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தாலே கதையின் அரசியல் பாதி தெரிந்துவிடும். யார் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதே அவரை அறிமுகப்படுத்திவிடுவதால், தனியே விளக்கம் எழுத வேண்டிய தேவை குறையும்.

சில பெயர்கள் சட்டத்தால் மாற்றப்பட்டவை. தென் மாவட்டங்களின் நாடார் சமூகத்தை முன்பு வேறு பெயரால் குறித்துவந்த அரசு, 1921ஆம் ஆண்டுக் குடிமதிப்பை ஒட்டி 'நாடார்' என்ற பெயரை ஏற்றது. 1899 சிவகாசிக் கலவரத்தைப் பற்றி எழுதும்போது, எதிர்த்தரப்பு பழைய பெயரையும் அந்தச் சமூகத்தார் தாம் கோரிய பெயரையும் சொல்வதாக எழுதினால், கலவரத்துக்குப் பின்னாலிருந்த மதிப்புப் போராட்டமே பேச்சில் வந்துவிடும். தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரின் கீழ் ஏழு சாதிப் பிரிவுகளைச் சேர்த்து 2021இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பாத்திரங்கள் தம் காலத்துப் பெயரைச் சொல்லட்டும். முன்னுரையிலோ பின்னட்டையிலோ நீங்கள் உங்கள் குரலில் எழுதும்போது அந்தச் சமூகம் இன்று ஏற்றுக்கொண்டுள்ள பெயரைப் பயன்படுத்துங்கள்.

ஊர் மாறினாலும் பெயரின் பொருள் மாறும். சென்னை மாகாணத்தில் 'பஞ்சமர்' என்பது நான்கு வருணங்களுக்கு வெளியே ஐந்தாமவர் என்ற பொருளில் அரசு ஆவணங்களில் வந்தது. யாழ்ப்பாணத்திலோ அது வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் என்ற ஐந்து சாதியாரைச் சேர்த்துக் குறித்தது. தஞ்சாவூர்க்காரர் எழுதும் யாழ்ப்பாணக் கதையில் இது மாறிப்போனால் அங்குள்ளவர்கள் சிரிப்பார்கள், அல்லது கோபப்படுவார்கள்.

இழிவாகக் கருதப்பட்ட பெயரையே ஒருவர் நிமிர்ந்து நின்று சூடிக்கொள்வதும் வரலாற்றில் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அதே சொல் அதே ஆண்டில் ஒரு மிராசுதாரின் வாயிலும் இருந்திருக்கும். இரண்டையும் ஒரே கதையில் வைக்கத் தெரிந்தவருக்கு இந்த வழிகாட்டி அதிகம் தேவைப்படாது.

மூன்றாம் படி: ஆதாரத்தின் வாயையும் கவனியுங்கள்

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய இதழ்களையும் நூல்களையும் இணையத்தில் தரும் தமிழ் மின்னூலகம் ஆகிய மூன்றிலும் கொஞ்சம் நேரம் செலவிட்டாலே போதுமான செய்தி கிடைக்கும். ஒரு சொல் அந்தக் காலத்தில் வழங்கியதா என்று பார்க்க, 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியும், 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் உதவும்.

இவை யாருடைய வாயிலிருந்து வந்தவை என்பதை மறந்துவிடாதீர்கள். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல், மனிதர்களின் மூக்கையும் தலையையும் அளந்து வகைப்படுத்திய காலத்தின் நூல். அதிலுள்ள வருணனையை எடுத்துக் கதைசொல்லியின் குரலில் போட்டால், தர்ஸ்டனின் பார்வையும் சேர்ந்தே வந்துவிடும். பெர்சிவல், லாசரஸ், ஜென்சன் ஆகியோர் 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த பழமொழி நூல்களில் சாதியையும் பெண்களையும் இழித்துரைக்கும் பழமொழிகள் நிறைய உண்டு. அவை அப்படியொரு பேச்சு நாட்டில் இருந்தது என்பதற்குச் சான்று. எல்லோரும் அப்படிப் பேசினார்கள் என்பதற்கோ, இழிக்கப்பட்டவர் அதை ஒப்புக்கொண்டார் என்பதற்கோ சான்றல்ல. சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் காவல் துறை எழுதிய குறிப்புகளும் இப்படித்தான். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண்ணும் உயிரிழந்தார். அதைக் காவல் துறையின் ஏட்டிலிருந்து மட்டும் எழுதினால், சுட்டவரின் கதைதான் கையில் இருக்கும். ஊராரிடையே வழங்கும் நினைவுகளையும் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாய்மொழிக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். தெற்குத் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம் உறுதியான வரலாறு. நாடார் பெண்கள் மேலாடை அணிவதை ஒட்டிப் பல பத்தாண்டுகள் நீடித்த மோதல் 1859இல் அரச அறிவிப்போடு முடிவுக்கு வந்தது. அந்த அறிவிப்பும் மேல்சாதிப் பெண்களைப் போலவே உடுத்தும் உரிமையைத் தரவில்லை என்பது அதிகம் பேசப்படாத செய்தி. முலைவரியை எதிர்த்துத் தன் மார்பையே அறுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் சேர்த்தலையின் நங்கேலி பற்றிய கதையோ வாய்மொழி மரபைச் சேர்ந்தது. முலைவரி என்பது ஒடுக்கப்பட்ட பெண்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய வரி. உடலை அளந்து வாங்கினார்கள் என்று இணையத்தில் சுற்றும் செய்தியை ஆவணம் பார்க்காமல் நாவலில் ஏற்றிவிட வேண்டாம். நங்கேலியின் கதையை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்குச் சொல்வதாக வையுங்கள். அப்போது அது கதைக்குள்ளும் வாய்மொழியாகவே நிற்கும், அதன் வலிமையும் குறையாது.

நான்காம் படி: வசவு எந்தக் குரலில் இருக்கிறது என்று பாருங்கள்

என் அனுபவத்தில், புதியவர்களின் கைப்பிரதிகளில் புண்படுத்தும் பகுதி உரையாடலில் இருப்பது குறைவு. அது கதைசொல்லியின் வாக்கியங்களில், எழுதியவருக்கே தெரியாமல் இருக்கும். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "சேரிக்காரர்களுக்கே உரிய அடிமைப் புத்தியோடு மாரி கைகட்டி நின்றான்." இதில் அச்சிடத்தகாத சொல் எதுவும் இல்லை, இருந்தும், பண்ணையார் தம் வாயால் திட்டுவதைவிட இது மோசமானது. பண்ணையார் திட்டினால் அது அவர் கருத்து. இங்கே எல்லாம் அறிந்த கதைசொல்லியே, கைகட்டி நிற்பது ஒரு சமூகத்தின் பிறவிக் குணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அதையே இப்படி எழுதலாம்: "காரியக்காரர் திண்ணையை விட்டு எழுந்து உள்ளே போகும்வரை மாரி கையைக் கட்டியே நின்றான். துண்டு இடுப்பில் இருந்தது. வாய்க்கால் கரை ஏறிய பிறகுதான் அதை எடுத்துத் தோளில் போட்டான்." இங்கே அடிமைப் புத்தி என்ற பேச்சே இல்லை. கைகட்டியது ஊர்க் கட்டுப்பாட்டுக்காக என்பதும், கட்டுப்பாட்டின் எல்லை வாய்க்கால் கரை என்பதும், அதைத் தாண்டியதும் மாரி தன் விருப்பப்படி இருக்கிறான் என்பதும் புரிகின்றன.

எழுதி முடித்த அத்தியாயத்தில் உரையாடலை எல்லாம் மறைத்துவிட்டு, கதைசொல்லியின் வாக்கியங்களை மட்டும் படித்துப் பாருங்கள். மேல்சாதிப் பாத்திரத்தைக் குறிக்கும்போது 'அவர்' என்றும், ஒடுக்கப்பட்ட பாத்திரத்தைக் குறிக்கும்போது 'அவன்' என்றும் எழுதியிருக்கிறீர்களா? மேலே மாரியைப் பற்றி எழுதிய வாக்கியத்திலேயே காரியக்காரருக்கு 'அர்' விகுதியும் மாரிக்கு 'ஆன்' விகுதியும் வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இதைக் காட்டவே அப்படி விட்டுவைத்தேன். தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே ஏறி உட்கார்ந்திருப்பதால், கதைசொல்லி சாதி பார்க்கிறாரா என்பதை ஒவ்வொரு வாக்கியமும் காட்டிக்கொடுக்கும். எல்லோரையும் ஒருமையில் எழுதலாம், எல்லோரையும் 'அவர்' என்று எழுதலாம், வயதுக்கு ஏற்ப எழுதலாம். எந்த முறையை எடுத்தாலும் அது சாதியைப் பின்தொடர்ந்து போகக்கூடாது. கதைசொல்லியே சாதி பார்ப்பவராக இருக்க வேண்டும் என்றால், அவரை 'நான்' என்று பேசும் பாத்திரமாக்கி, அவர் யார் என்பதை முதல் சில பக்கங்களிலேயே வாசகருக்குக் காட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வசவைக் குறையுங்கள், வழக்கத்தை எழுதுங்கள்

பண்ணையில் பகலுக்கு நூறு முறை அந்தச் சொல் காதில் விழுந்திருக்கலாம். அதற்காக நூறு முறை எழுத வேண்டியதில்லை. சில முறைக்குமேல் வாசகரின் காது மரத்துவிடும், பிறகு அது வெறும் நிரப்புச் சொல்லாகும். ஓர் அத்தியாயத்தில் அந்தச் சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும், அங்கே ஏதாவது மாறுகிறதா என்று கேளுங்கள். சொன்ன பிறகு பாத்திரங்களுக்கிடையே ஒன்றும் மாறவில்லையென்றால் அடித்துவிடுங்கள்.

மிச்சமுள்ள இடங்களில் ஒருமை விளிப்பே போதும். மிராசுதார் வீட்டுப் பத்து வயதுச் சிறுவன் அறுபது வயதுப் பண்ணையாளைப் பெயர் சொல்லி 'வாடா' என்கிறான். அவரோ அந்தச் சிறுவனைச் 'சின்ன ஆண்டே' என்று அழைக்கிறார். இந்த இரண்டு விளிப்புகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை எந்த இழிசொல்லும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. நாகரிகம் கருதி ஒதுங்கச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றாடம் நடந்த அவமதிப்பு இந்த வடிவத்தில்தான் நடந்தது. அந்த அளவில் இதுவே உண்மைக்கு நெருக்கமானது.

கொடுமையைச் சொல்லும்போது வழக்கத்தின் விவரங்களுக்குள் போங்கள். சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்ததையும் சவுக்கால் அடித்ததையும் 'சாணிப்பாலும் சவுக்கடியும்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடும் வழக்கம் டெல்டாவைப் பற்றிய எழுத்தில் நிலைத்துவிட்டது. சாணியைக் கரைத்தது யார்? பெரும்பாலும் இன்னொரு பண்ணையாள்தான் கரைத்துத் தர வேண்டியிருக்கும். அவர் பானையை எங்கே பார்த்துக்கொண்டு பிடித்திருப்பார்? என்ன குற்றத்துக்காக: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதற்கா, களத்தில் கூலி நெல்லை அளந்த மரக்காலைப் பற்றிக் கேள்வி கேட்டதற்கா, சங்கக் கூட்டத்துக்குப் போனதற்கா? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதும்போது, வாசகரின் கவனம் அருவருப்பில் நின்றுவிடாமல் அந்தத் தண்டனையை நடத்திய ஏற்பாட்டின் மேல் போகும். உடலுக்கு நேர்ந்ததை மட்டும் நீட்டி வருணிக்கும் பக்கம் வேடிக்கை பார்க்கும் பக்கமாகிவிடும்.

ஒடுக்கப்பட்டவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் காட்சிகள் இல்லாத நாவலை இந்தக் களத்தில் எழுதவே வேண்டாம். பண்ணையாருக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர், அவருடைய நடையைப் பகடி செய்து நாற்று நடும்போது பாடிய பாட்டு, அவர்களுக்கிடையேயான சண்டை, அந்தச் சண்டையில் அவர்களே பயன்படுத்திய வசவு எல்லாம் வேண்டும். அடிபடும்போது மட்டும் மேடைக்கு வரும் பாத்திரம் மனிதராகாது.

ஆறாம் படி: உண்மை நிகழ்வு, உண்மை மனிதர்

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இத்தகைய நிகழ்வை எழுதுகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஊரின் பெயரையும் நாளையும் அப்படியே வைத்தால், அங்கு நடந்தவற்றை மாற்றும் உரிமை உங்களுக்கு மிகக் குறைவு. எண்ணிக்கை, கூலி உயர்வுக் கோரிக்கை, இருதரப்பின் சங்கங்கள், நீதிமன்றத்தில் நடந்தது ஆகிய எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஊருக்குக் கற்பனைப் பெயர் வைத்தால் சுதந்திரம் கிடைக்கும். ஆனால் வாசகர் எப்படியும் வெண்மணியைத்தான் நினைப்பார் என்பதால், நிகழ்வின் காரணத்தை மாற்றும் சுதந்திரம் அப்போதும் கிடைக்காது. கூலிக்கும் கொடிக்கும் நடந்த போராட்டத்தின் மேல் விழுந்த கொலையை, ஒரு பண்ணையாரின் அந்தரங்க மனச்சிக்கலாலோ காதல் பகையாலோ நேர்ந்ததாகச் சுருக்கினால், இறந்தவர்கள் எதற்காக நின்றார்கள் என்பதே கதையிலிருந்து போய்விடும். நான் பாத்திரங்களைக் கற்பனையாகவும் காரணத்தை உண்மையாகவும் வைக்கச் சொல்வேன்.

தேவதாசி முறையை எழுதுவோருக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கான பெண்கள், பெயரோடும் ஊரோடும் பதியப்பட்டிருக்கிறார்கள். வசவு என்ற பொருள் அந்தக் காலத்தில் 'தேவரடியார்' என்ற சொல்லில் இல்லை. ஆகவே 11ஆம் நூற்றாண்டுக் கதையில் பிற்கால ஏளனத்தை நுழைப்பது பிழை. 20ஆம் நூற்றாண்டுக் கதையிலோ அந்த ஏளனத்தைத் தவிர்ப்பது பிழை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், அந்த முறைக்குள்ளிருந்தே வெளியே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் எதிர்த்துப் போராடியதும், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947இல் சட்டத்தால் தடுக்கப்பட்டதும், கலையையும் சொத்துரிமையையும் இழக்க நேரும் என்று அந்தப் பெண்களில் ஒரு பகுதியினரே சட்டத்தை எதிர்த்ததும் ஒரே வரலாற்றின் பகுதிகள். பின்வழியினர் இன்றும் இருக்கிறார்கள். உண்மையான குடும்பப் பெயரையோ வீட்டு அடையாளத்தையோ கதையில் வைக்க வேண்டாம்.

ஏழாம் படி: சட்டத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது சட்ட ஆலோசனையன்று. வழக்கறிஞரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கான குறிப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், பிரிவினரிடையே பகை வளர்ப்பது 196ஆம் பிரிவிலும், மத உணர்வைத் தீய நோக்கோடு வேண்டுமென்றே புண்படுத்துவது 299ஆம் பிரிவிலும், ஆபாச வெளியீடு 294ஆம் பிரிவிலும், அவதூறு 356ஆம் பிரிவிலும் வருகின்றன. இறந்தவரைப் பற்றி எழுதினாலும், குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அவதூறாகலாம் என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு எதிராக எழுத்தால் வெறுப்பு வளர்ப்பதையும், அவர்கள் உயர்வாக மதிக்கும் மறைந்த தலைவர்களை எழுத்தால் அவமதிப்பதையும் குற்றமாக்குகிறது. கற்பனைப் பாத்திரம் கற்பனைப் பாத்திரத்தைத் திட்டுவதும், வாழும் மனிதர் ஒருவரை அடையாளம் காட்டித் திட்டுவதும் வேறு வேறு. "பெயர்கள் யாவும் கற்பனையே" என்று முதல் பக்கத்தில் போடும் வரி, உள்ளே அடையாளங்கள் அனைத்தும் பொருந்தி நின்றால் பெரிதாகக் காப்பாற்றாது.

எழுத்தாளருக்குச் சாதகமான தீர்ப்புகளும் உண்டு. கொச்சை வேறு, ஆபாசம் வேறு என்று வங்க எழுத்தாளர் சமரேஷ் போஸ் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் திருச்செங்கோட்டை ஊர்ப்பெயரோடு எழுதியிருந்தது. 2014 இறுதியில் எதிர்ப்பு எழுந்து, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தையில் அவர் பணிய நேர்ந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சமரசம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், பிடிக்காத புத்தகத்தை வாசகர் ஒதுக்கிவிடலாம் என்றும் கூறியது. தீர்ப்பு வருவதற்குள் ஓர் எழுத்தாளர் எழுதுவதையே நிறுத்தியிருந்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், அது வந்து சேரும்வரை தாங்க வேண்டியவர் நீங்கள்தான். பதிப்பாளரோடு ஒப்பந்தம் போடும்போது வழக்குச் செலவு யாருடையது என்ற வாசகத்தைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

எட்டாம் படி: அச்சுக்கு முன்

கைப்பிரதியை அந்தச் சமூகத்தைச் சேர்ந்த இருவரிடமாவது கொடுங்கள். ஒருவரிடம் மட்டும் கொடுத்து, அவர் சொன்னதைச் சமூகம் முழுவதன் ஒப்புதலாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. நண்பர் என்பதற்காக இலவசமாகக் கேட்காதீர்கள். இது உழைப்பு, பல நேரங்களில் வலிக்கும் உழைப்பு, ஆகவே ஊதியம் கொடுங்கள். "இது புண்படுத்துகிறதா?" என்று கேட்டால் பெரும்பாலோர் நாகரிகத்துக்காக "இல்லை" என்பார்கள். "உங்கள் ஊரில் இதை இப்படித்தான் செய்தார்களா? இந்த இடத்தில் உங்கள் பாட்டி என்ன சொல்லியிருப்பார்? எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் விடைதான் மிகவும் பயன்படும்.

அவர்கள் சொல்வதை எல்லாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. செய்தி பிழையென்று சொன்னால் திருத்துங்கள். "இது உண்மைதான், ஆனால் எங்களை இப்படிக் காட்டாதீர்கள்" என்று சொன்னால் உட்கார்ந்து பேசுங்கள்; பெரும்பாலும் காட்சியில் குறை இருக்காது, அந்தப் பாத்திரத்துக்கு வேறு காட்சிகளே இல்லாததுதான் குறையாக இருக்கும். எதிர்த்தரப்புச் சமூகத்தார் "எங்கள் முன்னோரைக் கொடியவராகக் காட்டிவிட்டீர்கள்" என்றால், ஆதாரத்தை எடுத்து வையுங்கள்.

அதற்காகவே, எழுதும் நாளிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். சர்ச்சைக்கு இடமுள்ள ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே அது எந்த ஆவணத்திலிருந்து, எந்தப் பேட்டியிலிருந்து வந்தது, எவ்வளவு உங்கள் கற்பனை என்று எழுதிவையுங்கள். பேட்டி கொடுத்தவர் தம் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்றிருந்தால் அதையும் அங்கேயே குறித்துவையுங்கள். முன்னுரையில் மன்னிப்பும் வேண்டாம், வீர முழக்கமும் வேண்டாம். கதை நடக்கும் ஆண்டு, களம், கற்பனையான ஊர்கள் எவை, காலத்து வழக்கு கருதிச் சில சொற்கள் பாத்திரங்களின் பேச்சில் வருகின்றன என்ற செய்தி ஆகிய நான்கையும் அரைப் பக்கத்தில் சொல்லிவிட்டால் போதும். பின்னட்டைக்கும் விளம்பரத்துக்கும் பத்தி தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பதிப்பகத்திடம் விட்டுவிடாதீர்கள். நாவலுக்குள் இடமறிந்து நிற்கும் ஒரு வசவு, தனியே வெட்டி எடுத்துச் சுவரொட்டியில் ஒட்டப்படும்போது சொன்ன பாத்திரத்தின் பெயர் கூடவே போகாது.